‘2’ என்றால் இரண்டு லிட்டர் அல்ல

எங்கள் அம்மா வாழ்நாளில் ஒரு பீடியைக்கூடக் கையால் தொட்டதில்லை. தண்டையார்பேட்டையில் வீட்டு வாசலை ஒட்டிய தகரக் கொட்டகையில் 31 ஆண்டுகள் இட்லிக் கடை நடத்தினார். விடியற்காலை மூன்றரை மணிக்கு அடுப்பு மூட்டுவார். முதலில் விறகு, பிறகு மர அறுவை மில்லிலிருந்து மூட்டையாக வரும் மரத்தூளை இடித்துத் திணித்த அடுப்பு. எரிவாயு அடுப்பு வந்தபோது அவருக்கு அறுபது நெருங்கியிருந்தது.

அதற்குப் பிறகும் சில ஆண்டுகள், தெருமுனை கிளினிக்கில் ‘வீசிங்’ என்று சொல்லி ஆவி பிடிக்கவைத்து ஓர் ஊசியும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2023 மே மாதம் மாடிப்படி ஏறி வந்தவர் உதடு நீலம் பாரித்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஸ்டான்லி மருத்துவமனையின் நெஞ்சகநோய்ப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்தார்கள், மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்தார்கள். அந்த ஊசி சாதாரண ஊசியைவிட வலிக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், சிஓபிடி என்றார்கள். “அது சிகரெட் பிடிக்கிறவர்களுக்குத்தானே வரும்?” என்றான் தம்பி. “அடுப்பு எத்தனை வருஷம்?” என்று மருத்துவர் திருப்பிக் கேட்டார்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 54, விரலில் மாட்டும் கருவியில் 86 சதவீதம். அழுத்தம் 55 அல்லது அதற்குக் கீழே, விரலில் 88 அல்லது அதற்குக் கீழே என்றால் வீட்டிலேயே ஆக்சிஜன் வேண்டும் என்பது கணக்கு. ஆனால் உடனே எழுதித் தரவில்லை. மருந்தை ஒழுங்காக எடுத்து, உடல் ஒரு நிலைக்கு வந்த பிறகு மறுபடி பார்த்தார்கள். அப்போதும் எண் ஏறவில்லை. நிமிடத்துக்கு 2 லிட்டர், ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேரம், தூக்கமும் அதில் சேர்த்தி என்று சீட்டில் எழுதினார்கள்.

மூச்சு வாங்கும்போது மட்டும் வைத்துக்கொள்வதுதான் ஆக்சிஜன் என்று நான் நினைத்திருந்தேன். மருத்துவர் இதை மாத்திரை மாதிரி நினைக்கச் சொன்னார். அளவும் உண்டு, நேரமும் உண்டு. ஆக்சிஜன் குறைந்தே இருந்தால் இதயத்தின் வலப்பக்கம் பளு கூடித் தளர்ந்துபோகுமாம். 1980, 1981இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வெளியான ஆய்வுகளிலிருந்துதான் இந்த 15 மணி நேரக் கணக்கு வந்தது என்றார். மூச்சு வாங்காத நேரத்திலும் குழாயை மாட்டிக்கொள் என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு அந்த ஒரு விளக்கம் தேவைப்பட்டது.

வீட்டுக்கு, நிமிடத்துக்கு 5 லிட்டர்வரை ஆக்சிஜன் தரும் கான்சென்ட்ரேட்டர் எந்திரத்தை மாதம் 4,500 ரூபாய் வாடகைக்கு எடுத்தோம். எங்களிடம் இருந்த காப்பீட்டில் வீட்டில் பயன்படுத்தும் எந்திரத்துக்கு இடமில்லை. காற்றில் 78 சதவீதம் இருக்கும் நைட்ரஜனை ஜியோலைட் என்ற கல்தூளில் பிடித்துவைத்துக்கொண்டு, மிச்சத்தை 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனாக அனுப்புகிறது. உள்ளே சிலிண்டர்போலத் தீர்ந்துபோகிற வாயு எதுவும் இல்லை, மின்சாரம் இருக்கும்வரை ஓடும். அந்த மின்சாரம்தான் கதை. 350 வாட் எந்திரம் 16 மணி நேரம் ஓடினால் நாளுக்கு ஐந்தரை யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத பில்லில் 330 யூனிட் கூடுதலாக ஏறியது. எந்திர வாடகையைக் கணக்குப் போட்ட நாங்கள் இதைக் கணக்கில் எடுக்கவேயில்லை.

முதல் மாதத்தில் ஒரு தப்பும் செய்தோம். தம்பிக்கு விரல் கருவியில் 98 பார்க்க வேண்டும். கொரோனா காலத்தில் எல்லோரும் அந்த எண்ணைத்தானே தேடினோம்? ஒருநாள் இரவு அம்மாவுக்கு 4 லிட்டர் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான். காலையில் தலை வலிக்கிறது என்றார், பேச்சு குழறியது, பத்து மணிவரை தூங்கித் தூங்கி விழுந்தார். அவசரப் பிரிவுக்கு ஓடினோம். இந்த நோயாளிகளில் சிலருக்கு ஆக்சிஜன் அதிகமானால் உடலில் கரியமில வாயு தங்கிவிடும். அம்மாவுக்கு வேண்டியது 88 முதல் 92 வரைதான். அன்றிலிருந்து ஓட்டத்தைக் காட்டும் குமிழின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, ‘2’ என்று மார்க்கரில் எழுதிவைத்திருக்கிறேன். விரல் கருவியைப் பற்றி இன்னொன்று: மருதாணி வைத்த விரலில் அது உளறக்கூடும். அம்மாவுக்கு ஆடி மாதம் மருதாணி இல்லாமல் போகாது, ஆகவே ஒரு விரலை மட்டும் விட்டுவைக்கும்படி ஒப்பந்தம்.

வெள்ளிக்கிழமை விளக்கை விட்டுக்கொடுக்கத்தான் பெரிய சண்டை. ஆக்சிஜன் தானாக எரியாது, ஆனால் பக்கத்தில் இருக்கும் நெருப்பைப் பொங்கவைக்கும். விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம், கேஸ் அடுப்பு எல்லாவற்றிலிருந்தும் ஆறடியாவது தள்ளி இருக்க வேண்டும் என்றார்கள். மூக்கு காய்ந்தால் தைலமோ பெட்ரோலிய ஜெல்லியோ தடவக் கூடாது. கடைசியில் விளக்கை என் மகள் ஏற்றுகிறாள், அம்மா கூடத்திலிருந்து திரியைச் சரிசெய்யச் சொல்லி அதட்டுகிறார்.

டிசம்பர் 2023இல் மிக்ஜாம் புயல் வந்தது. 4ஆம் தேதி திங்கள் காலை போன மின்சாரம் எங்கள் தெருவுக்குப் புதன் இரவுதான் திரும்பியது. முழங்காலுக்கு மேல் தண்ணீர். இன்வெர்ட்டரில் 150 ஆம்பியர்-மணி பேட்டரி, எந்திரத்தை மூன்றரை மணி நேரம் தாங்கியது. மாற்றாக ஒரு பி டைப் சிலிண்டர் வைத்திருந்தோம். அதில் 1,500 லிட்டர் இருக்கும். 2 லிட்டரில் ஓடினால் பன்னிரண்டரை மணி நேரம். மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டோம். அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது 1 லிட்டரில் 88 நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னார். நின்றது. பன்னிரண்டரை இருபத்தைந்து ஆனது. செவ்வாய்க்கிழமை தம்பி இரண்டாவது சிலிண்டரை ஒரு மீன்பாடி வண்டியில் ஏற்றி, மூன்று பேர் தள்ளத் தள்ளக் கொண்டுவந்தான். கறுப்பு உடலும் வெள்ளைத் தோளுமாக அது தண்ணீருக்கு மேல் வந்த காட்சியைப் பார்த்து, “திருவிழாவில் சாமி வருகிற மாதிரி இருக்கிறது” என்றார் அம்மா.

கையில் எடுத்துப் போகும் எந்திரம் ஒன்று வாங்கியே தீர்வது என்று அந்த வாரம் முடிவு செய்தோம். அம்மாவின் காரணம் வேறு. மருத்துவமனைக்குத் தவிர வீட்டைவிட்டு இறங்கி ஏழு மாதம் ஆகியிருந்தது. பௌர்ணமிதோறும் திருவொற்றியூர் வடிவுடையம்மனைப் பார்த்து வந்தவர். மேலூர், திருவொற்றியூர், திருமுல்லைவாயில் என்று ஒரே பௌர்ணமியில் மூன்று அம்மனையும் பார்த்த காலமும் உண்டு. “ஒன்றையாவது பார்க்கிறேன்” என்றார்.

முதல் கடையில் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள எந்திரத்தை மடியில் வைத்து, 2 என்ற எண்ணில் ஓட்டிக் காட்டினார்கள். விரலில் 92. “வீட்டு மெஷினில் இரண்டு, இதிலும் இரண்டு” என்றார் விற்பவர். நடந்து பார்க்கிறோம் என்றேன். “நடந்தால் யாருக்கும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்” என்று பேச்சை விலைக்குத் திருப்பினார். எழுந்து வந்துவிட்டோம்.

வீட்டு எந்திரம் மூச்சை இழுத்தாலும் விட்டாலும் நிமிடத்துக்கு 2 லிட்டரை விடாமல் அனுப்புகிறது. சிறியது அப்படியல்ல. மூக்கு இழுக்கும் நொடியைக் கண்டுபிடித்து, அந்த நொடியில் மட்டும் ஆக்சிஜனை ஒரு சிறு வீச்சாகக் கொடுக்கிறது. அதன் 2 என்பது லிட்டர் கணக்கே இல்லை, பொத்தானின் பெயர். நாங்கள் பார்த்த ஒன்றின் கையேட்டில், எண் 2இல் நிமிடத்துக்கு மொத்தமே 420 மில்லிதான். மூச்சின் தொடக்கத்திலேயே கொடுப்பதால் வீணாவதில்லை, அதனால் உட்கார்ந்திருப்பவருக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம். நடக்கும்போது மூச்சு வேகமாகிறது. அதே 420ஐ அதிக மூச்சுகளுக்குப் பங்கிட்டால் ஒவ்வொரு வீச்சும் சிறிதாகிறது. ஆக்சிஜன் அதிகம் வேண்டிய நேரத்தில் ஒரு மூச்சுக்குக் குறைவாகக் கிடைக்கிறது. இதை எங்களுக்கு விளக்கியது விற்பவர் அல்ல, மருத்துவமனையின் பிசியோதெரபிஸ்ட்.

விடாமல் அனுப்பும் எடுத்துச்செல்லும் எந்திரங்களும் உண்டு. நாங்கள் பார்த்தவை எட்டு, ஒன்பது கிலோ, சக்கரத்தில் இழுக்க வேண்டும். எங்கள் தெருவில் எதைச் சக்கரத்தில் இழுக்க முடியும்? சிறிய அலுமினிய சிலிண்டரையும் கேட்டுப் பார்த்தோம், நிரப்பித் தர எங்கள் பக்கத்தில் ஆள் கிடைக்கவில்லை.

இரண்டாவது கடைக்காரர் கட்டணம் வாங்கிக்கொண்டு மூன்று நாளைக்கு எந்திரத்தை வீட்டுக்கே கொடுத்தார். அம்மாவைத் தெருக்கோடிவரை நடத்தினேன். எண் 2இல் 83. எண் 3இல் 86. எண் 4இல் 89, ஆனால் பேட்டரி கண்ணெதிரே கரைந்தது. விளம்பரத்தில் நாலரை மணி நேரம் என்றது எண் 2க்கான கணக்கு. எண் 4இல் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். படியேறும்போது இன்னொரு சிக்கல். அம்மா வாயால் மூச்சு இழுப்பார், எந்திரத்துக்கு மூக்கில் எதுவும் தெரியாமல் கூவும். மூக்கால் இழுத்து உதட்டைக் குவித்து மெல்ல விடும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தார். எங்களுக்குப் பிடிபடவில்லை, அம்மாவுக்கு ஒரே நிமிடத்தில் வந்துவிட்டது. “ஊதாங்குழலில் ஊதுகிற மாதிரி. ஆனால் நெருப்பு பற்றிக்கொள்ளாத அளவுக்கு மெதுவாக. அவ்வளவுதானே?” என்றார்.

அந்த எந்திரத்தோடேயே மருத்துவமனைக்குப் போய் ஆறு நிமிட நடைப் பரிசோதனை செய்தோம். உட்காரும்போது 3, நடக்கும்போது 4, தூங்கும்போது இது வேண்டாம், வீட்டு எந்திரம்தான் என்று எழுதித் தந்தார்கள். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகே பணம் கட்டினேன். 1,90,000 ரூபாய், இரண்டாவது பேட்டரி தனியே 28,000. கொட்டகை இருந்த இடத்தைச் செல்பேசிக் கடைக்கு வாடகைக்கு விட்ட முன்பணம் அதற்குப் போனது. பேட்டரியும் ஜியோலைட் குழலும் இரண்டு ஆண்டு வாக்கில் மாற்ற வேண்டிவரலாம், அதற்கு மாதம் ஆயிரம் எடுத்துவைக்கிறோம். வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவச் சொல்கிறது கையேடு. கண்டெய்னர் லாரி ஓடும் சாலைக்கு இருபதடியில் குடியிருக்கும் எங்களுக்கு மூன்று நாளிலேயே கறுத்துவிடுகிறது.

மற்றபடி தடுப்பூசிகள், இன்ஹேலருக்குப் பின் வாய் கொப்பளிப்பது, போகிக்கு முந்தின இரவே ஜன்னல்களை அடைப்பது எல்லாம் வழக்கமாகிவிட்டன.

2024 மார்ச் பௌர்ணமியன்று கிளம்பினோம். தண்டையார்பேட்டை மெட்ரோவில் லிப்ட் இருக்கிறது, திருவொற்றியூர் தேரடியிலும் இருக்கிறது. ஆட்டோவைவிட மூச்சுக்கு அது சுகம். அம்மா புடவைத் தலைப்பால் மூக்குக் குழாயை மறைத்துக்கொண்டே வந்தார். கூட்டம் அதிகம், வரிசை மெல்ல நகர்ந்தது. கற்பூரத் தட்டு இருக்கும் பக்கம் போகாமல் தள்ளியே நின்றோம். முக்கால் மணி நேரத்தில் பேட்டரி பாதிக்குக் கீழே வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே, அம்மா மூச்சை மெல்ல விட்டுக்கொண்டிருக்க, மாற்றுப் பேட்டரியைச் செருகினேன். எந்திரம் ஒருமுறை கூவியது. முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, குழாயைப் பார்த்து, அரையடி விலகிக்கொண்டு, “கொரோனாவா அம்மா?” என்று கேட்டார்.

அம்மா தலைப்பை எடுத்துவிட்டார்.

“இல்லை கண்ணு, இட்லி” என்றார்.