சந்தனத்துக்குள் இருக்கும் சாமி

அம்மாவின் தலைத் திவசம் முடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு விசாகப்பட்டினத்துக்கு ரயில் ஏறினேன். அங்கே சிம்மாசலம் மலைக்கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்று அவர்தான் கேட்டார். எண்பதை நெருங்குகிறவர், அம்மா போனபிறகு அவராக வாய்திறந்து கேட்டது இது ஒன்றுதான்.

அப்பாவுக்கு ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானந்தாங்கிப் போர்க்கப்பலில் எஞ்சின் ரூம் வேலை. 1971-இல் கப்பல் கிழக்குக் கடற்படைக்கு வந்தபோது அம்மாவும் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துப் பெண், தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்து வீட்டம்மாள்தான் அவளைச் சிம்மாசலத்துக்கு முதலில் அழைத்துப் போனாராம். அன்றிலிருந்து வராக லட்சுமி நரசிம்மர் அவளுக்கு, ஊர்க்காரர்கள் கூப்பிடுகிற மாதிரியே, அப்பண்ணா ஆகிவிட்டார்.

பாகிஸ்தானுடன் போர் மூண்ட அந்த டிசம்பர் 3-ஆம் தேதி இரவை அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஊரே இருட்டடிப்பு. வயிற்றில் நான் ஐந்து மாதம். நள்ளிரவுக்கு மேல் கடல் பக்கமிருந்து பெரிய வெடிச்சத்தம், ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கிதான் துறைமுகத்துக்கு வெளியே வெடித்து மூழ்கியது என்பது பின்னால்தான் தெரியவந்தது. விக்ராந்த் அப்போது அந்தமான் பக்கம் இருந்தது. போர்க்கப்பல் எங்கே நிற்கிறது என்று வீட்டுக்கா சொல்வார்கள்? விடியும்வரை அம்மா சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்தாள். "அப்பண்ணா, அவரைக் கரை சேர்த்துடு, பிள்ளைக்கு உன் பேரை வைக்கிறேன்." எனக்கு நரசிம்மன் என்று பெயர் வந்த கதை இது.

மலைமேல் நாங்கள் போனது அட்சய திருதியை கழிந்த வாரம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மூலவரின் சந்தனக் காப்பைக் களைந்து நிஜ ரூப தரிசனம் தருகிறார்கள். மற்ற நாளெல்லாம் சந்தனத்துக்குள் லிங்கம் போலத்தான் தெரிவார். "வருஷத்துக்கு ஒரு நாள்தான் முகம் காட்டுவார், உங்கப்பா மாதிரி" என்பாள் அம்மா. குறையாகச் சொன்னதில்லை. அப்பா கடலில் இருந்த மாதங்களில் எங்களுக்கு ஜுரம் வந்தாலும், பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டாலும், ஊரில் தாத்தா காலமானபோதும் அவள் ஒருத்தியாகவே ஓடினாள். கடிதத்தில் மட்டும் "இங்கு யாவரும் நலம்" என்றுதான் எழுதுவாள். அப்பாவின் வெள்ளை யூனிபாரத்துக்கு நீலம் போட்டுப் போட்டு அவள் நகக்கண்ணில் எப்போதும் ஒரு நீலக்கோடு இருக்கும்.

இந்தக் கோயிலில் முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு உண்டு, 1098-99-ஐச் சேர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் கேட்டுப் பார்க்கலாம். நான் அன்று தேடவில்லை, அப்பாவின் கையைப் பிடித்தபடியே வரிசையில் நகர்ந்தேன்.

முக மண்டபத்தில் கப்ப ஸ்தம்பம். தூணைக் கட்டிக்கொண்டு வேண்டினால் பலிக்கும் என்பது நம்பிக்கை. போர் முடிந்து அப்பா திரும்பியதும் அம்மா மேடிட்ட வயிற்றோடு பக்கவாட்டில் சாய்ந்து இதைக் கட்டிக்கொண்டாளாம். அப்பா இரண்டு கையாலும் தூணை வளைத்து, கன்னத்தை வைத்துக் கண்ணை மூடினார். பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

சந்நிதியில் நின்றபோது எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அம்மா பெயரை மட்டும் சொன்னேன்.

சாமியிடமிருந்து களைந்த சந்தனத்தைப் பிரசாதமாகத் தருகிறார்கள். வாங்கி அப்பாவிடம் நீட்டினேன். கப்பல் புறப்படும் நாளெல்லாம் அதில் ஒரு துளியைக் காகிதத்தில் மடித்து அவர் சட்டைப் பையில் அம்மா வைப்பாள். அப்பா கை நீட்டவில்லை.

"நானா எடுத்து வச்சுக்கிட்டதே இல்லடா. அவதான் வைப்பா."

சட்டைப் பையை விரலால் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.