பாரிஸ் நடுத்தெருவில் ஒரு ஈட்டிப் போட்டி

பாரிஸில் சேன் போல் மெட்ரோவில் இறங்கி பஸ்தீல் பக்கம் நடந்தால், சேன் அந்துவான் தெரு. பேக்கரி, மருந்துக்கடை, பேருந்து நெரிசல். அந்தக் காலத்திலேயே அகலமான தெரு இது. அதனால்தான் குதிரைவீரர்களின் ஈட்டிப் போட்டிகளை இங்கே நடத்தினார்கள்.

12ஆம் நூற்றாண்டில் இது விளையாட்டே இல்லை, வெட்டவெளியில் இரு கும்பல் மோதும் அடிதடி. பிடிபட்டவன் குதிரையையும் கவசத்தையும் இழப்பான், இல்லையேல் பணம் கட்டி மீள்வான். சொத்தில்லாத இளைய மகனான வில்லியம் மார்ஷல் என்ற இங்கிலாந்து வீரர் இதிலேதான் பேரும் பணமும் சேர்த்தார். 1130இல் கிளெர்மோனில் கூடிய திருச்சபை மாநாடு இதைத் தடை செய்தது, யார் கேட்டார்கள்? 1316இல் போப்பே தடையை நீக்கிவிட்டார்.

அப்புறம் ஒருவருக்கொருவர் மோதும் ஆட்டம் பெருகியது. 15ஆம் நூற்றாண்டில் குதிரைகள் முட்டிக்கொள்ளாதபடி நடுவே தடுப்பு வைத்தார்கள். ஆன்வலீட் ராணுவ அருங்காட்சியகத்தில் இந்தப் போட்டிக் கவசங்களைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அடி விழும் இடப்பக்கம் கூடுதல் இரும்பு. கண்ணுக்கு ஒரு கீற்று மட்டும். இதற்குள் எங்கிருந்து காயம் படும் என்றுதான் தோன்றியது.

பட்டது. 1559 ஜூன் 30. ஸ்பெயினுடன் சமாதானம், மகளுக்கும் தங்கைக்கும் கல்யாணம். இதே சேன் அந்துவான் தெருவில் பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றியே களத்தில் இறங்கினார். போதும் என்று ராணி கத்தரின் தடுத்தும், இன்னொரு சுற்று என்று காவல்படைத் தலைவர் மொன்கோமரியை அழைத்தார். ஈட்டி முறிந்தது. முறிவதுதான் வழக்கம். ஆனால் அன்று ஒரு சிராய் முகமூடிக்குள் நுழைந்து கண்ணருகே பாய்ந்தது. அக்காலத்தின் பெரிய மருத்துவர்களான அம்ப்ருவாஸ் பாரேயும் வெசாலியஸும் வந்து பார்த்தும் பலனில்லை. ஜூலை 10இல் மன்னர் இறந்தார். பட்டத்துக்கு வந்த மகனுக்கு 15 வயது. அடுத்த சில ஆண்டுகளில் பிரான்ஸ் மதப்போரில் விழுந்ததற்கு இந்த ஒரு சிராயைக் குறைசொல்வது மிகை. ஆனாலும் பலவீனமான அரியணை அதற்கு வழிவிட்டது என்றே நினைக்கிறேன்.

மன்னர் உயிர்விட்ட தூர்னெல் மாளிகையை கத்தரின் இடிக்கச் சொல்லிவிட்டார். இன்று இதே தெருவிலுள்ள சுல்லி மாளிகைத் தோட்டத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தால், தூர்னெல் இருந்த இடத்தில் பிளாஸ் தே வோஜ் சதுக்கம். நான்கு பக்கமும் செங்கல் வீடுகள், நடுவே புல்வெளி. கட்டணம் கிடையாது. 1612இல் இச்சதுக்கத்தைத் திறந்தபோதும் குதிரை விழா நடந்தது. அதில் ஈட்டி குத்தியது தொங்கவிட்ட வளையத்தை. எதிரே மனிதர் யாரும் வரவில்லை.