லேண்ட் குரூசரில் இரண்டாவது டைனமோ

போன டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் கலகாடி வனவிலங்குப் பூங்காவில் நோசொப் முகாம். மூன்றாம் நாள் காலையில் வண்டியிலிருந்த பிரிட்ஜைத் திறந்தால் உள்ளே வெதுவெதுப்பு. இறைச்சி போனால் போகட்டும், அம்மாவின் இன்சுலினும் அதில்தான் இருந்தது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். பிரிட்ஜை ஓட்டும் பின்பக்க பேட்டரிக்கென்று தனி டைனமோ போட்டே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வண்டி லேண்ட் குரூசர் 79 வரிசை, 4.2 லிட்டர் டீசல். பின்பக்கத்தை மூடும் கூடான கேனப்பிக்குள் 105 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் (அமிலம் சிந்தாத) பேட்டரி இருந்தது. முன் பேட்டரியிலிருந்து ரிலே வழியாக அதற்குச் சார்ஜ். மீட்டர் வைத்துப் பார்த்தால் முன்னால் 14.2 வோல்ட், பின்னால் வெறும் 13.3. வயர் 10 சதுர மில்லிமீட்டர்தான். பூங்காவுக்குள் மெதுவாக மூன்று மணி நேரம் சுற்றினாலும் எப்படி நிரம்பும்? தடித்த வயரும், குறைந்த வோல்ட்டை உயர்த்திக் கொடுக்கும் ஒரு டிசி-டிசி சார்ஜரும் போட்டாலே பெரும்பாலானவர்களுக்குப் போதும், அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நம்பாமல் ஓட வேண்டும்.

என் வண்டியில் ஏசி இல்லை. கம்ப்ரசர் உட்காரும் இடம் காலி. அங்கே 80 ஆம்பியர் டைனமோவுக்கு பிராக்கெட் வெட்டி, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பட்டறையில் வெல்டிங் செய்து வாங்கினேன். மாட்டி ஸ்டார்ட் செய்ததும் ஒரே கீச்சல். பெல்ட்டை இன்னும் இறுக்கினேன். பத்து நிமிடத்தில் ரப்பர் தீயும் வாசம், பிராக்கெட் மேலெல்லாம் கறுப்புத் தூள். பக்கத்து வீட்டுப் பெரியவர், முப்பது வருடம் லாரி மெக்கானிக்காக இருந்தவர், எட்டிப் பார்த்தார். “இறுக்காதே தம்பி, பேரிங் போயிடும். முதல்ல புல்லி நேரா இருக்கான்னு பாரு.” இரும்பு ஸ்கேலை கிராங்க் புல்லியின் முகத்தோடு ஒட்டிப் பிடித்தால், டைனமோ புல்லி 4 மில்லிமீட்டர் பின்னால் இருந்தது. பிராக்கெட்டுக்கு அடியில் வாஷர் கொடுத்து முன்னால் தள்ளினோம். சத்தம் அப்படியே நின்றது.

சரி, இனி சார்ஜ் ஏறும் என்று பார்த்தால் மீட்டர் 12.5-ஐ விட்டு அசையவில்லை. தவறு என்னுடையது. டேஷ்போர்டு பல்பு வெறும் அடையாளத்துக்கு என்று நினைத்து விட்டுவிட்டேன். சாவி போட்டதும் அந்தச் சின்ன பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் உள்ளே ரோட்டரைக் காந்தமாக்கித் தொடங்கிவைக்கிறது. பல்பை இணைத்ததும் டைனமோவில் 14.3 வந்தது.

ஆனால் பேட்டரியில் 13.9. வயரை 35 சதுர மில்லிமீட்டராக மாற்றியும் ஏன் குறைகிறது? எர்த் வயரைச் சேஸிஸில் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தேன். பளபளவென்று உலோகம் தெரியும்வரை சுரண்டி மறுபடி மாட்டினேன்: 14.2. டர்பனின் உப்புக்காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும், அதனால் வயர் முனையிலுள்ள ஒவ்வொரு லக்குக்கும் (இணைப்பு வளையம்) சூட்டில் சுருங்கும், பசை உள்ள குழாய். 150 ஆம்பியர் பியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். வயர் எங்கே உரசினாலும் நெருப்பு வருவது பேட்டரியிலிருந்துதான்.

போன சனிக்கிழமை லெசோத்தோ எல்லையில் உள்ள சானி கணவாய். 2,876 மீட்டர் உச்சிவரை லோ கியரில் ஊர்ந்தே ஏறினோம். மேலே நிறுத்தியபோது பிரிட்ஜ் 4 டிகிரி. திரும்பி வந்து பெல்ட்டை அழுத்திப் பார்த்தேன், புது பெல்ட் கொஞ்சம் நீண்டிருந்தது, மறுபடி இறுக்கினேன். இரண்டு பேட்டரியையும் அவசரத்துக்கு இணைக்கும் கை சுவிட்ச் மட்டும் பாக்கி. ஜூனில் கலகாடிக்குக் கிளம்பும் முன் அதையும் மாட்டிவிட வேண்டும்.