டிரைவர் சைடு என்றால் எந்தப் பக்கம்?

பள்ளத்தூரில் ஊருணிக்கரையை ஒட்டிய ரோட்டைக் குழாய் பதிப்பதற்காகக் குறுக்கே வெட்டி, செம்மண்ணை அள்ளிப் போட்டு மூடியிருந்தார்கள். ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்ததில் மண் நன்றாக அமுங்கிவிட்டது. ஒரு கல்யாண வீட்டிலிருந்து இருட்டில் வந்துகொண்டிருந்தேன். காரின் மூக்கு அந்தப் பள்ளத்தில் இறங்கி, அடியில் டங்கென்று ஒரு சத்தம். அப்புறம் வீட்டு வாசலில் திருப்பும்போது ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் சர்ர்ர் என்று எதுவோ உரசியது.

கார், 2012 மாடல் ஆடி டிடி. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. தரைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருக்காது. வாங்கி வந்த அன்று ஆத்தா சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஏறச் சொல்றியா, எறங்கச் சொல்றியா?" என்று கேட்டார்கள். செட்டிநாட்டு ரோடுகளுக்கு ஏற்ற வண்டி இல்லைதான். ஆசைப்பட்டு வாங்கியாகிவிட்டது.

காலையில் குனிந்து பார்த்தேன். முன்பக்கம் வலது டயருக்கு மேலே கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு கறுப்பு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதன் அடி ஓரத்தில் பம்பரோடு பிடித்திருந்த ஸ்க்ரூக்கள் பிய்ந்து தகடு தொங்கியது. டயர் அதைத் தேய்த்துத் தேய்த்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டையே போட்டுவிட்டது. வீல் ஆர்ச் லைனர் என்பது அதன் பெயர். காரைக்குடிப் பட்டறைகளில் உள் மட்கார்டு என்று சொன்னால் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள்.

வழக்கமாகப் போகும் மெக்கானிக் தம்பி ஒரு நிமிடம்தான் பார்த்தார். "கழட்டிப் போட்டுருவோம்ணே. இது இல்லாட்டியும் வண்டி ஓடும்." ஓடும், உண்மைதான். ஆனால் டயர் வாரி அடிக்கும் கல்லும் சேறும் நேராக வயர்களிலும் கனெக்டர்களிலும் டயருக்கு மேலே வெளியில் தெரியும் பாடித் தகடான பெண்டரின் உள்பக்கத்திலும் போய் விழும். வேண்டாம் என்றேன். "அப்ப பழைய ஃப்ளெக்ஸ் பேனரை வெட்டி உள்ள கட்டிரவா? நல்ல கனமான ஃப்ளெக்ஸ் இருக்கு." யாருடைய பூப்புனித நீராட்டு விழாவோ என் டயருக்கு மேலே சிரித்துக்கொண்டு இருப்பதை நினைத்துப் பார்த்துவிட்டு, அதுவும் வேண்டாம் என்றேன். கடைசியில் மூன்று கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டிக் கொடுத்தார். வேலை முடிகிறவரை அந்தக் கட்டு அசையவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குச் செய்கிற துரோகம்.

கம்பெனி சர்வீஸில் கேட்டால் பத்தாயிரத்துக்குப் பக்கத்தில் விலை, நாலு வாரம் காத்திருக்க வேண்டும், ஸ்க்ரூவும் கிளிப்பும் தனிக் கணக்கு என்றார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் நூறு வருஷத்துக் கதவுக் கீல் கிடைக்கும், பர்மாவிலிருந்து வந்த பீங்கான் ஜாடி கிடைக்கும். 2012இல் செய்த ஒரு பிளாஸ்டிக் தகடு மட்டும் கிடைக்காது.

சென்னையில் பழைய பாகங்கள் விற்கும் ஒருவரைப் பிடித்தேன். "முன்பக்கம், டிரைவர் சைடு" என்றேன். இருக்கிறது, பளிச்சென்று இருக்கிறது என்றார். பணம் போட்ட மறுநாள் ஆம்னி பஸ் பார்சலில் வந்து சேர்ந்தது. வளவில் வைத்துப் பிரித்தேன். பளிச்சென்றுதான் இருந்தது. இடது பக்கத்துத் தகடு.

போனில் கத்தினேன். அவர் அமைதியாக, "சார், அது துபாய்லேருந்து வந்த கட்டிங், அங்க ஓடுன வண்டியில வெட்டி எடுத்தது. அங்க டிரைவர் லெஃப்ட்லதான உக்காருவான்?" என்றார். அந்த வண்டிக்கு அதுதான் டிரைவர் சைடு. அவர் சொன்னதிலும் தப்பில்லை, கேட்டவன்தான் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அனுப்பிய சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டதை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த விஷயத்தை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம். பாகங்களின் பட்டியலில் டிரைவர் சைடு என்று ஒன்று கிடையாது. இடது, வலது மட்டும்தான். அதுவும் வண்டிக்குள் முன்னால் பார்த்து உட்கார்ந்தால் நமக்கு எது இடமோ அதுவே இடம். வெளியே பம்பருக்கு எதிரே நின்று பார்த்துச் சொன்னால் மாறிப்போகும். ஆடி, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் பாக எண்ணைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். பொதுவாக நடுவில் வரும் எண் ஒற்றைப்படையில் முடிந்தால் இடது, இரட்டைப்படையில் முடிந்தால் வலது. இந்தத் தகட்டுக்கு 821 171 இடது, 821 172 வலது. எண்ணைச் சொல்லி ஆன்லைனில் புதிதாக ஆர்டர் போட்டேன். ஒரிஜினல் இல்லை, வேறு கம்பெனி செய்தது. ஸ்க்ரூவும் அது ஏறுகிற தகட்டுக் கிளிப்பும் சேர்த்தே வாங்கினேன், பழையது ஒன்றிரண்டு எப்படியும் போகும் என்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானே இறங்கினேன். முதல் சங்கடம், ட்ராலி ஜாக்கி வண்டிக்கு அடியில் நுழையவே இல்லை. பின்கட்டில் கிடந்த பழைய தேக்குப் பலகைகள் இரண்டை முன் டயர்களுக்கு எதிரே போட்டு, வண்டியை அதன்மேல் ஏற்றின பிறகுதான் இடம் கிடைத்தது. பின் டயருக்குச் செங்கல் அண்டக் கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, வீல் போல்ட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று லூஸாக்கிக்கொண்டேன். தூக்கின பிறகு முயன்றால் சக்கரம்தான் சுற்றும். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு போல்ட் திருட்டுப் பூட்டு, அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். டிக்கியில் டூல் பைக்குள் இருந்தது. அது தொலைந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தூக்கியதும் ஸ்டாண்டும் வைத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையை உள்ளே விடக் கூடாது.

தகட்டைப் பிடித்திருப்பவை எல்லாம் ஸ்டார் ஸ்க்ரூ, டி25. ஒரு டஜனுக்கு மேல் இருந்தன. டி20 பிட்டும் போய் உட்காருகிற மாதிரி உட்காரும், திருகினால் தலையை மழுக்கிவிடும். கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு தலைக்குள்ளும் அடைந்திருந்த செம்மண்ணை ஊசியால் நோண்டி எடுத்தேன். ஸ்வீட் பெட்டி அட்டையில் அரைவட்டம் வரைந்து, கழற்றின வரிசையிலேயே ஸ்க்ரூக்களைக் குத்தி வைத்தேன். எல்லாம் ஒரே மாதிரி தெரிந்தாலும் இரண்டு மூன்று நீளம் கூடுதல்.

பெண்டர் ஓரத்தில் ஒன்று மட்டும் வரவில்லை. சுற்றுகிறது, வெளியே வரவில்லை. எதிர் வீட்டுத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சார் எழுந்து வந்துவிட்டார். அவர் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் உருவான அதே ஆய்வகம்தான், 1953இல் திறந்தது. துருவைப் பற்றிப் பேச அங்கே இருந்தவரைவிட வேறு யார் வேண்டும்?

டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்க்ரூவைச் சுற்றி வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. "பெண்டர் அலுமினியமா?" என்றார். ஆமாம், இந்த டிடியின் உடம்பில் முன்பகுதி பெரும்பாலும் அலுமினியம்தான். "அப்பச் சரி. இரும்பும் அலுமினியமும் ஒட்டி, நடுவுல ஈரம் நின்னா பேட்டரி மாதிரிதான் வேலை செய்யும். அரிக்கிறது ஸ்க்ரூ இல்ல, உன் பெண்டர்." எண்ணெய் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, பின்னாலிருந்து கிளிப்பை மூக்கு பிளையரால் பிடித்துக்கொண்டு திருகச் சொன்னார். வந்துவிட்டது.

நான் கெட்டிக்காரத்தனமாக, "இனிமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூவா போட்டுரலாமா சார்?" என்றேன். தலையில் அடித்துக்கொண்டார். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, ஆனால் பக்கத்தில் இருக்கும் அலுமினியத்தை இன்னும் மோசமாக்கும், துத்தநாகப் பூச்சு போட்டதே போதும் என்றார். கம்பி பிரஷ்ஷையும் தொடவிடவில்லை. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்துகொள்ளுமாம். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, காயவிட்டு, கிரீஸ் தடவிக்கொண்டோம்.

தகட்டை நடுவில் மடக்கி வெளியே இழுத்தபோதுதான் மெக்கானிக் தம்பியிடம் காட்டியிருக்க வேண்டிய காட்சி தெரிந்தது. பெண்டரின் அடி மூலையில் இட்லி மாவு மாதிரி ஈரச் செம்மண். கையால் வழித்துப் போட்டதில் ஒரு தாம்பாளம் நிறைந்தது, வேப்பிலைச் சருகும் ஒரு பாக்கும் உள்பட. பாக்கு எந்தக் கல்யாணத்தில் ஏறியதோ! தண்ணீர் வடிய வேண்டிய சந்து முழுக்க அடைத்திருந்தது.

புதுத் தகடு பெட்டிக்குள் சுருண்டே கிடந்ததால் விரிய மறுத்தது. நடுவாசல் வெயிலில் ஒரு மணி நேரம் கவிழ்த்து வைத்தேன், அப்பளம் காயப்போட்ட ஆத்தா முறைத்தார்கள். இளகி வந்தது. மாட்டும்போது மேல் நடுவில் ஆரம்பித்து, எல்லா ஸ்க்ரூவையும் இரண்டு சுற்று மட்டும் ஏற்றி நிறுத்திக்கொண்டு, ஓட்டைகள் எல்லாம் நேருக்கு வந்த பிறகே இறுக்கினேன். முதல் ஸ்க்ரூவையே முழுக்க இறுக்கிவிட்டால் கடைசி ஓட்டை விரல் தள்ளி நிற்கும். அப்படி ஒருமுறை நின்றது, திரும்பக் கழற்றினேன். எல்லாம் கையால்தான். மெஷின் வைத்தால் பிளாஸ்டிக் பிய்ந்துவிடும்.

சக்கரத்தை மாட்டுவதுதான் இடுப்பு ஒடிகிற வேலை. நம் ஊர் வண்டிகள் பலவற்றில் சக்கரம் உட்காரும் ஹப்பில் மரை போட்ட ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், இதில் இருக்காது. சக்கரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்து ஓட்டைக்கு நேரே போல்ட்டைச் செருக வேண்டும். டூல் பையில் ஒரு பிளாஸ்டிக் குச்சி இருந்தது. அதை ஒரு ஓட்டையில் திருகிவிட்டுச் சக்கரத்தை அதில் தொங்கவிட்டால் மற்றவை தானாக நேருக்கு வரும். அந்தக் குச்சி எதற்கென்று தெரியாமல் ஒருமுறை தூக்கிப் போடப் பார்த்தவன் நான். இறக்கிவிட்டு, ஒன்று விட்டு ஒன்றாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில் 120 நியூட்டன் மீட்டர் வைத்து இறுக்கினேன். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்துப் பார்த்தேன். சத்தமில்லை. பிள்ளையார்பட்டி போய் வந்த பிறகு போல்ட்டுகளை இன்னொரு தடவை சரிபார்த்துக்கொண்டேன்.

பொங்கலுக்கு வீட்டை ஒதுங்க வைக்கும்போது ஆத்தா அந்த இடது தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "இது என்னடா?"

"வண்டிக்கு. இடது பக்கத்து உள் மட்கார்டு."

"இடது பக்கமும் கிழிஞ்சிருச்சா?"

"இல்ல ஆத்தா."

ஒரு நிமிடம் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அப்புறம் ஒன்றும் சொல்லாமல், தூசி தட்டி, பரணில் பித்தளைத் தவலைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்கள்.