இரெசுமி கலைஞரைத் தேர்ந்தெடுக்க: பின்னணியைப் பாருங்கள்

இரெசுமி எனும் ஜப்பானிய மரபுப் பச்சை குத்தலில் முதலில் கவனிக்க வேண்டியது டிராகனையோ கெண்டை மீனையோ அல்ல, பின்னணியை. காற்றும் அலையும் மேகமும் தசையின் வளைவோடு ஓடி, மார்பிலும் முழங்கையிலும் எப்படி முடிகின்றன? அந்த விளிம்புக்கு மிகிரி என்று பெயர். உருவங்களைத் தனித்தனியாகக் குத்திவிட்டு இடைவெளியைப் பிறகு மேகத்தால் அடைத்தவரின் வேலை, ஒட்டுப்போட்ட துணி மாதிரிதான் இருக்கும்.

பருவமும் பொருந்த வேண்டும். செர்ரிப் பூ வசந்தத்துக்கு, சிவந்த மேப்பிள் இலை இலையுதிர் காலத்துக்கு. சிங்கத்தோடு பியோனி, புலியோடு மூங்கில். இதைக் கேட்டு விழிப்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்.

புதிதாகக் குத்திய படம் எல்லாமே பளிச்சென்றிருக்கும், நம்பாதீர்கள். ஆறிப் பல வருடமான படங்களைக் கேளுங்கள். மை தோலுக்குள் மெல்லப் பரவும். கோடுகள் நெருக்கமாகவும் கருப்பு குறைவாகவும் இருந்தால் செதில்கள் ஒன்றோடொன்று கலங்கிவிடும்.

பிடியில் ஊசிகளைக் கட்டிக் கையால் குத்துவது தெபோரி. யோகோஹாமாவின் மூன்றாம் ஹோரியோஷி போன்ற கலைஞர்கள் வெளிக்கோடுகளை இயந்திரத்தில் போட்டு, நிழலைக் கையால் நிரப்பியவர்கள். எனவே இயந்திரம் இருந்தாலே மரபு போயிற்று என்பது வெட்டிப் பேச்சு.

ஜப்பானில் பச்சை குத்த 1872இல் விதித்த தடை 1948இல்தான் நீங்கியது. பச்சை குத்துபவருக்கு மருத்துவ உரிமம் தேவையில்லை என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது 2020இல். பெயர்ப்பலகை இல்லாத கூடங்கள் இன்றும் உண்டு. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள்.