மாபிள் அறை

2023இன் தொடக்கத்தில் ஒரு காலை, எங்கள் கைத்தொலைபேசிகளில் ஒரு செயலியை ஏற்றித் தந்து, "இனி இதுதான் உங்கட பேனை" என்றார் மேலதிகாரி. அஸ்வெசும என்ற அரச உதவிப் பணம் கேட்டு விண்ணப்பித்தவர்களின் வீடுகளுக்குப் போய், விவரங்களைப் பார்த்துப் பதிய வேண்டும். நான் அபிவிருத்தி உத்தியோகத்தர். 2020இல் பட்டதாரிப் பயிலுநராக எடுபட்டு, அதுவரை யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கடிதங்களைக் கோவையில் போட்டுக்கொண்டிருந்தவள். வெளியே போகலாம் என்றதும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஸ்கூட்டிக்குக் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் என்ற காலம் அது. அதனால் ஒழுங்கை ஒழுங்கையாகத் திட்டம் போட்டு ஓடினேன்.

அஸ்வெசும என்ற சிங்களச் சொல்லுக்கு ஆறுதல் என்று பொருள். ஊரில் அந்தப் பெயர் வாயில் நுழைவதற்கு நாள் எடுத்தது. எண்பது கடந்த ஓர் ஆச்சி கடைசிவரை "கூப்பன்" என்றுதான் சொன்னார். அவருக்கு எல்லாமே கூப்பன்தான். சங்கக்கடையில் அரிசி வாங்கிய கூப்பன் புத்தகம், 1979இல் வந்த உணவு முத்திரை, அதன் பிறகு ஜனசவிய, 1995இல் சமுர்த்தி என்ற அரச உதவித் திட்டங்கள், இடம்பெயர்ந்தபோது கிடைத்த உலர் உணவு நிவாரண அட்டை எல்லாம் அவர் கணக்கில் ஒரே புத்தகத்தின் பக்கங்கள்.

"முந்தி எல்லாருக்கும் கூப்பன் இருந்தது பிள்ளை. வாத்தியாரும் வரிசையில நிண்டவர். பிறகுதான் மாதம் 300 ரூபாக்குக் கீழ உழைக்கிற ஆக்களுக்கு மட்டும் எண்டாங்கள். அண்டையில இருந்துதான் உந்த வெக்கம்."

ஆச்சி சொன்னது சரி. 1978இல்தான் பங்கீட்டு அரிசி அந்த 300 ரூபா எல்லைக்குள் வந்தது. அடுத்த ஆண்டு அரிசிக்குப் பதிலாக முத்திரை கொடுத்தார்கள். பொருளின் விலை ஏறிக்கொண்டே போனது, முத்திரையில் அச்சடித்த தொகை அப்படியே நின்றது. இதைப் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காகப் படித்திருந்தேன். வெட்கம் எந்த ஆண்டில் தொடங்கியது என்று எந்தப் பாடக்குறிப்பிலும் இருக்கவில்லை.

இந்தமுறை வருமானத்தை மட்டும் கேட்டு முடிக்கவில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு தலைப்பு, 22 அளவீடு. அதில் வருகிற புள்ளியைப் பொறுத்து நான்கு பிரிவு. அப்போது நிலைமாறு நிலையில் உள்ளவர்களுக்கு மாதம் 2,500 ரூபா, பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்களுக்கு 5,000, வறியவர்களுக்கு 8,500, மிக வறியவர்களுக்கு 15,000. ஆள் பார்த்து, கட்சி பார்த்துக் கொடுத்தார்கள் என்ற பழைய கதைக்கு இது முடிவு கட்டும் என்று பயிற்சி வகுப்பில் சொன்னபோது நானும் நம்பினேன். அந்த நோக்கத்தில் எனக்கு இப்போதும் பிழை தெரியவில்லை.

நாங்கள் வருவது முதல் நாளே ஊருக்குத் தெரிந்துவிடும். ஒரு வீட்டில் சுவரில் ஆணி மட்டும் இருக்கும், தொலைக்காட்சி இருக்காது. ஒரே சிவப்பு மோட்டார் சைக்கிளை ஒரே காலையில் இரண்டு வளவுகளில் பார்த்தேன். இரண்டு வீட்டிலும் "அது எங்கட இல்லை, பக்கத்து வீட்டாற்ற" என்றார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மாவும் பருப்பும் அப்போது விற்ற விலைக்கு நானே மாதக் கடைசியில் அம்மாவிடம் கைநீட்டிக்கொண்டிருந்தேன்.

மின்சாரப் பட்டியல் இன்னொரு தலையிடி. ஒரு வளவுக்குள் தாய், மூத்த மகன் குடும்பம், இளைய மகள் குடும்பம் என்று மூன்று உலை வைப்பார்கள். மீற்றர் ஒன்றுதான். மூன்று வீட்டுக் கறண்டும் தாயின் பெயரில் வரும். பட்டியலைப் பார்த்தால் ஆச்சி குளிரூட்டி போட்டுத் தூங்குகிற மாதிரி இருக்கும்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு ஒரு வீட்டைப் பற்றி.

கடற்கரைப் பக்கம், கிடுகு வேலி, தகரப் படலை. கணவர் இறந்து ஆறு வருடம். அந்த அக்கா விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு கடைகளுக்குக் கொடுப்பார். இரண்டு பெண் பிள்ளைகள், மூத்தவள் சாதாரண தரம். வீட்டுக்கு இரண்டு அறை. ஒன்று சீமெந்து பெயர்ந்த தரை. மற்றதில் வெள்ளை மாபிள் பதித்து, சுவருக்கு மஞ்சள் பெயின்ற் அடித்து, மின்விசிறி பூட்டியிருந்தது. கட்டில் மேல் பொலித்தீன் உறை அப்படியே இருந்தது.

"தம்பி சுவிஸில இருக்கிறான். ஊருக்கு வந்தா நிக்க ஒரு இடம் வேணுமெண்டு உந்த அறையை மட்டும் திருத்தினவன். ஒருக்காத்தான் வந்தவன், பதினொரு நாள் நிண்டவன். நாங்கள் உதுக்க படுக்கிறேல்ல மிஸ், ஊத்தையாப் போயிடும்."

"காசு அனுப்புறவரோ?"

"அவனுக்கும் அங்க குடும்பம்."

மாபிளில் வெறுங்காலோடு நின்றுகொண்டு செயலியைப் பார்த்தேன். தரை என்ன என்று கேட்டது. யாருடைய தரை என்று கேட்கவில்லை. அக்கா எதையும் மறைக்கவில்லை. பூட்டியிருந்த அறையை அவரே திறந்து காட்டினார். கதவைத் திறக்காமல் விட்டிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். ஒரு நிமிடம் யோசித்தேன். உள்ளதை உள்ளபடி பதியுங்கள் என்றுதானே பயிற்சியில் சொன்னார்கள். மாபிள் என்று பதிந்தேன். இடியப்பத் தட்டுகளுக்கும், அடகில் கிடந்த சங்கிலிக்கும் எந்தக் கட்டமும் எனக்குத் தெரியவில்லை. அவர் தந்த பிளேன்ரீயைக் குடித்துவிட்டு அடுத்த படலைக்குப் போனேன்.

அந்த வருடம் நடுப்பகுதியில் பட்டியல் வந்து, பார்வைக்கு ஒட்டினார்கள். பெயர் இல்லாதவர்கள் மேன்முறையீடு செய்யலாம். பெயர் இருப்பவர்கள்மீது மற்றவர்கள் ஆட்சேபனை தெரிவிக்கலாம். அந்த இரண்டாவது வசதி எங்கள் ஊருக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. "கனடாவில் மூன்று சகோதரங்கள்" என்று வந்த ஓர் ஆட்சேபனையை எழுதியவரின் பெயரும் அதே பட்டியலில் இருந்தது.

அக்காவின் பெயர் இல்லை. நான் இரண்டு முறை விரலை ஓட்டித் தேடினேன். எந்தப் பதிலுக்கு எத்தனை புள்ளி என்பது எங்கள் கைக்கு வராது. ஆகவே மாபிளால்தான் போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் என் கால் அந்தத் தரையின் குளிரை மறக்கவில்லை. நான் பதிந்தது பொய் இல்லை. பொய் இல்லாத ஒன்றுக்காக ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது எப்படி என்று தெரியாமல் அந்தக் கிழமை முழுக்க அந்த ஒழுங்கைப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன். பெற்றோல் வீண்தான்.

கடைசியில் அவரே கந்தோருக்கு வந்தார், மூத்த மகளையும் கூட்டிக்கொண்டு. என் மேசைக்கு நேராக வந்து, "மிஸ், மேன்முறையீடு எண்டு ஒண்டு இருக்காம், நீங்கள்தான் நிரப்பித் தரவேணும்" என்றார். கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மற்றவர்களுக்கு வழக்கமாக இரண்டு வரி எழுதுவேன். அன்று தாளின் மறுபக்கத்துக்கும் போனேன். அறை யாருக்காகக் கட்டப்பட்டது, யார் எங்கே படுக்கிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை இடியப்பம் என்று எல்லாம் எழுதினேன். பக்கத்து மேசைத் தம்பி எட்டிப் பார்த்து, "அக்கா, உதை ஆர் வாசிக்கிறது" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. மகள் மட்டும் ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டு, ஓர் எழுத்துப் பிழையைக் காட்டினாள். திருத்தினேன்.

2024 சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 10 கிலோ அரிசி கொடுத்தார்கள். அதில் அக்காவின் பெயர் இருந்தது. நாட்டரிசி. எங்கள் சனத்துக்கு சிவப்புப் புழுங்கல் இல்லாவிட்டால் சோறே இறங்காது. வரிசையில் நின்ற பலர் பையைத் திறந்து ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்து முகத்தைச் சுழித்தார்கள். அக்கா மணக்கவில்லை. ஒப்பம் வைத்துவிட்டு, "உதை மாவாக்கலாம்" என்றார்.

மேன்முறையீட்டை விசாரிக்கப் போனது நான் இல்லை, வேறு ஓர் உத்தியோகத்தர். போவதற்கு முதல் நாள் பின்னேரம் அக்கா எனக்கு அழைப்பு எடுத்தார். குரலைத் தாழ்த்தி, "மிஸ், நாளைக்கு அந்த மாபிளுக்கு மேல பாயை விரிச்சு விடட்டே?" என்று கேட்டார்.

உத்தியோகத்தர் என்ற முறையில் சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அப்புறம், "பெரிய பாய் இருக்கோ அக்கா?" என்றேன்.