சீறாத கசிவு

மயக்கவியல் மானிட்டரில், நோயாளியின் மூச்சு வாயுவை அளக்க உறிஞ்சி எடுக்கும் சாம்பிள் பாதையில் ஓட்டை விழுந்தால் சீறும் சத்தம் கேட்காது. பம்ப் நிமிடத்துக்குச் சுமார் 200 மி.லி. உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது, வாயு வெளியே போவதில்லை, ஆபரேஷன் தியேட்டர் காற்றுதான் உள்ளே வருகிறது. சோப்பு நுரை தடவிப் பார்த்துப் பயனில்லை. அந்த 200-இல் 40 மி.லி. வெளிக்காற்று என்றால் 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு 4 என்று தெரியும். மயக்க மருந்தான செவோஃப்ளூரேனும் குறைந்து தெரியும், பழி அதை ஆவியாக்கும் வேப்பரைசர் மேல் விழும்.

திரையில் ஓடும் கார்பன் டை ஆக்சைடு அலையைப் பார்த்தே பாதி கண்டுபிடிக்கலாம். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு மேடு தாழ்வாக நீண்டு, கடைசியில் மட்டும் ஒரு கொம்பு முளைத்தால் சாம்பிள் லைனில், அதாவது உறிஞ்சும் குழாயில், கசிவு. அடுத்த மூச்சின் அழுத்தம், கலப்படமில்லாத வாயுவை ஒரு கணம் தள்ளிவிடுவதால் வரும் கொம்பு அது.

சோதனைக்கு மானிட்டர் சூடாகி ஜீரோ (பூஜ்ய அளவைச் சரிசெய்தல்) முடியட்டும். லைனின் நோயாளி முனையை லூயர் (முறுக்கிப் பூட்டும் இணைப்பு) மூடியால் அடைத்தால் சற்று நேரத்தில் லைன் அடைப்பு அலாரம் வர வேண்டும். வரவில்லையா? லைனைக் கழற்றி அது வந்து சேரும் வாட்டர் ட்ராப் (ஈரத்தைப் பிடிக்கும் குப்பி) வாயையே அடையுங்கள். இப்போது வந்தால் குற்றம் லைனில்: முறுக்கிப் பூட்டியதில் லூயர் விரிந்திருக்கும், அல்லது டிராயரில் நசுங்கியிருக்கும். இப்போதும் வராவிட்டால் ட்ராப் உட்காரும் இடம், ஓ-ரிங் (ரப்பர் வளையம்), அதற்கும் பிறகே உள் குழாய்கள். ஓ-ரிங்கில் ஒட்டிய ஒரு தலைமுடி போதும். ஆனால் அலாரம் வந்துவிட்டது என்று நிம்மதியாகக் கிளம்பக்கூடாது. சிறு கசிவு இருந்தாலும் அது வரும். சர்வீஸ் மெனுவில் வெற்றிடம் ஏற்றி, பம்பை நிறுத்தி, ஒரு நிமிடம் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பதே உண்மையான சோதனை. வரம்பு மாடலுக்கு மாடல் மாறும், மேனுவலைத் திறந்தே ஆக வேண்டும். சிரிஞ்ச் வைத்து உள்ளே ஊதும் பழக்கம் சிலருக்கு உண்டு. சென்சாருக்கு அது கேடு.

போடிமெட்டு ஏறி மூணாறு, தேவிகுளம் பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறொரு தொல்லை. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் 635 மி.மீ. பாதரசம் அளவுக்கு இறங்கிவிடும். கீழே தேனியில் 36, 37 மி.மீ. காட்டிய அதே 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு சோதனை சிலிண்டர் அங்கே 32 காட்டும். அது கசிவல்ல, மலை. திரையைச் சதவீதத்துக்கு மாற்றினால் குழப்பம் தீரும். மானிட்டர் வைத்திருக்கும் காற்றழுத்த எண்ணையும் ஒருமுறை சரிபார்க்கலாம்.

சிலிண்டர் வாயு சரியாகக் காட்டுவதும் நற்சான்று இல்லை. அழுத்தத்தோடு நேரே செலுத்தினால் முனைக்கு அருகிலுள்ள ஓட்டை வழியாக வாயு வெளியேறுமே தவிர, காற்று உள்ளே வராது. உபரி வெளியேற வழிவிட்ட இணைப்பில்தான் கொடுக்க வேண்டும்.

கசிவைத் தேடாமல், அளவைச் சிலிண்டருக்கு ஏற்பச் சரிசெய்யும் காலிபரேஷன் பட்டனை அழுத்துவதுதான் பெரிய தவறு. 4 காட்டியதை 5 ஆக்கி வைத்தால் அன்றைக்கு எல்லாம் அழகாக இருக்கும். பிறகு தியேட்டர் சிஸ்டர் புது வாட்டர் ட்ராப் மாட்டிக் கசிவு நின்றதும், 40 மி.மீ. இருக்க வேண்டிய நோயாளிக்கு 50 காட்டும்.